காலி எடை

என் மைத்துனனுக்கு எங்கள் வீட்டில் தன்னம்பிக்கை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவனுடைய விசிட்டிங் கார்டில் மட்டும் இருக்கிறது, அதுவும் 'வாழ்வியல் வழிகாட்டி' என்ற பட்டத்துக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில். பிழைப்புக்குக் கைபேசிக் கடை ஒன்றில் கிளை மேலாளர். கைபேசி வாங்க வருகிறவர்களிடம் மூச்சைப் பற்றிப் பேசுவான். கேட்டவர்கள் மூச்சு முட்டிப்போய், வேண்டாத கவர் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

அவன்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான்.

என் மனைவிக்கு மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு வந்து அப்போது மூன்று மாதம். 'சின்னதாக' என்பது டாக்டர் சொன்ன அளவு; அவர் மூளையில் வரவில்லை அல்லவா. முதலில் பேச்சு திரும்பியது. பிறகு கை திரும்பியது. இடது கால் மட்டும் இருக்கிற இடத்திலேயே இருந்துகொண்டு, பாரம் தாங்க மாட்டேன் என்றது. மருத்துவமனையில் எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதன்பின் இனி வீட்டிலேயே செய்யுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தாளில் ஒரு குச்சி மனிதன் பன்னிரண்டு விதமாக நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன.

அவள் பேருந்து நடத்துநர். இருபத்திரண்டு வருடமாக அவள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்பது. ஒரு கையில் டிக்கெட் இயந்திரம், இன்னொரு கையில் யாராவது நீட்டும் நோட்டு. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் மொத்தக் கூட்டமும் முன்னால் போய் விழும், அவள் மட்டும் நின்ற இடத்தில் நின்றபடி, "எங்க இறங்கணும்?" என்று கேட்பாள். பணிமனையில் அவளைத் தூண் என்றுதான் கூப்பிடுவார்கள். தூணக்கா, தூணம்மா. புதிதாக வந்த மேலாளர் ஒருவர் அதுதான் அவள் பெயர் என்று நினைத்துச் சுற்றறிக்கையிலேயே எழுதிவிட்டார்.

மருத்துவ விடுப்பு ஆறு மாதம். அது முடிகிற அன்று மருத்துவக் குழுவின் முன்னால் போக வேண்டும். பணிமனை வளாகத்துக்குள் பேருந்தை ஓட்டுவார்கள்; கைப்பிடியைத் தொடாமல் பின்படியிலிருந்து முன்படிவரை நடந்து காட்ட வேண்டும். நடந்தால் மறுபடியும் பேருந்து. நடக்காவிட்டால் உட்கார்ந்த பணி. அந்த இரண்டு சொற்களை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அவள் தடை போட்டிருந்தாள்.

"அக்கா, இது விளையாட்டு இல்ல. ஒரு பயணம்" என்றான் தன்னம்பிக்கை, பெட்டியை மேசைமேல் வைத்து.

"அப்ப டிக்கெட் எடுத்துட்டியா?" என்றாள் அவள்.

"விளையாட்டுன்னு அட்டையிலயே போட்டிருக்கேப்பா" என்றேன் நான்.

"மாமா, நீங்க அட்டையைப் பார்க்கறீங்க. நான் அக்காவோட நாளையப் பார்க்கறேன்."

"அப்படியே கொஞ்சம் இந்த ஒயர் எங்க போகுதுன்னும் பாரேன்."

டிவியோடு இணைக்கும் வீடியோ கேம்தான். கூடவே, மணைப்பலகையைப் போல ஒன்று, கொஞ்சம் அகலமாக, நான்கு குட்டைக் கால்களோடு. அதன்மேல் ஏறி நின்றால், உடம்பின் பாரம் எந்தப் பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று திரை காட்டும். நடுவில் ஒரு மஞ்சள் வட்டம். நாம் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி வட்டத்துக்குள் இருக்கவேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். யோகாவில் நாற்பது நிலைகள், பிலாட்டிஸ் என்று படுத்தபடி காலைத் தூக்குகிற இருபது பாடங்கள். சொல்லிக்கொடுக்க ஒருத்தி திரையில் வருவாள். ஒரு மணிநேரம் ஒற்றைக் காலில் நின்றாலும் அவள் முகத்தில் ஒரு சொட்டு ஈரம் இராது. வேர்க்காதவள் என்று என் மனைவி அவளுக்குப் பெயர் வைத்தாள்.

வேர்க்காதவள் செய்தி வாசிப்பவர்களின் தமிழில் பேசுவாள். "உங்கள் பாதங்கள் பூமியில் வேரூன்றட்டும்."

"நாலாவது மாடிடி இது" என்பாள் என் மனைவி. "வேர் விட்டா கீழ் வீட்டுக்காரன் தலையிலதான் இறங்கும்."

எங்கள் கூடம் இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டவேண்டிய அளவு. யோகா நடக்கவேண்டுமென்றால் சோபாவை அடுக்களை வாசல்வரை தள்ளவேண்டும். தள்ளிவிட்டால் அடுக்களைக்குள் போக முடியாது. அதனால் காலையில் முதலில் காப்பி, பிறகு சோபா, பிறகு யோகா என்று ஒழுங்கு ஏற்பட்டது. பிலாட்டிஸுக்குப் பாயில் படுத்துக் காலை நீட்டினால் வலது பாதம் டிவி மேசையில் இடிக்கும். வேர்க்காதவள் ஒருமுறை குலுங்குவாள். புன்னகை மட்டும் மாறாது.

முதல் நாள் என் மனைவி பலகையில் ஏறி நின்றபோது திரை சொன்னது: இடது 32, வலது 68.

சதவீதத்தைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. நான் எடைமேடையில் வேலை பார்க்கிறவன். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடுவார்களே, அங்கே கண்ணாடிக்குள் உட்கார்ந்து சீட்டு அடித்துக் கொடுக்கும் ஆள். உரிமம் பெற்ற எடையாளன் என்பது முழுப் பட்டம். இருபத்தாறு வருடம். எடை பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் அவரை ஒருநாள் என் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். சொல்வதெல்லாம் பொய்யாக இருக்கும், எண் மட்டும் சரியாக இருக்கும்.

ஐந்து வாரம் அவள் தினமும் நின்றாள். 32. மலை நிலையில் 32. நாற்காலி நிலையில் கீழே விழாமல் இருக்க நான் பின்னால் நின்றுகொண்டேன், 31. ஒரு திங்கட்கிழமை 33 வந்தது. தன்னம்பிக்கைக்குப் போன் போட்டுச் சொன்னோம். அவன் அதை ஒரு சூரிய உதயப் படத்தின்மேல் எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினான். செவ்வாய்க்கிழமை 32.

ஆறாவது வாரம் அவள் பலகையிலிருந்து இறங்கி, சோபாவில் உட்கார்ந்து, வேர்க்காதவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளையிலிருந்து வேண்டாங்க" என்றாள்.

"என்ன வேண்டாம்?"

"இதுதான். காலையில எந்திரிச்சு, நீ தேறமாட்டேன்னு ஒரு மெஷின்கிட்ட எழுதி வாங்கணுமா? அதுக்குத்தான் ஆபீஸ் இருக்கே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று அவள் சோபாவை அதன் இடத்துக்குத் திருப்பித் தள்ளச் சொல்லவில்லை. சாயங்காலம்வரை அது அடுக்களை வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. நான் அதைத் தாண்டிக் குதித்துப் போய்ச் சமைத்தேன்.

மறுநாள் வேலையில் ஒருவனைப் பிடித்தேன். கல் லாரி ஓட்டுகிறவன். எங்கள் தொழிலில் லாரியை இரண்டு முறை எடை போடுவோம்: சரக்கு இல்லாமல் ஒருமுறை, அது காலி எடை, சரக்கோடு ஒருமுறை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சரக்கு. ஆக, முதல் எடையில் கை வைத்தால் போதும், மீதி எல்லாம் இயந்திரமே நேர்மையாகச் செய்துகொடுக்கும். அந்த ஆள் காலி எடை போடும்போது இருக்கைக்கு அடியில் இரும்புத் துண்டுகளை வைத்திருந்தான், பிறகு எடுத்துவிடுவான்; ஏற்றிய கல் அந்த அளவுக்குக் குறைவாகக் காட்டும், காசும் குறையும். "எடுத்து வெளியே போடுப்பா" என்றேன். "எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்றான், ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனைக் கேட்பதுபோல.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்தப் பலகை ஞாபகம். ஒவ்வொரு காலையும் அது தன் காலி எடையைத்தான் முதலில் பார்க்கிறது. "பலகையில் யாரும் ஏறவேண்டாம், நான் தயாராகிக்கொண்டிருக்கிறேன்" என்று வேர்க்காதவள் ஐந்து விநாடி கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஐந்து விநாடியில் பலகைமேல் என்ன இருந்தாலும் அது அவளுக்குப் பூஜ்யம்.

கால் வழுக்காமல் இருக்க என்று சொல்லி, பலகைக்கு ரப்பர் விரிப்பு ஒன்று தைத்தேன். இரண்டு ஓரத்திலும் உள்பக்கமாக ஒவ்வொரு பை. எடைமேடைக் கொட்டகையில், எடைக்கற்களில் முத்திரை குத்துவதற்கான பழைய ஈயம் மூலையில் கிடந்தது. அதை உருக்கி ஒவ்வொரு கிலோத் தட்டுகளாக வார்த்தேன். அவள் முகம் கழுவப் போகும்போது பெட்டியை இயக்குவது என் வேலை. முதல் நாள், வலது பையில் ஒரு கிலோ ஈயம். வேர்க்காதவள் கண்ணை மூடினாள், திறந்தாள், "நான் தயார்" என்றாள். ஈயத்தை எடுத்து இடது பையில் போட்டேன். வலதில் ஒரு கிலோ குறையும், இடதில் ஒரு கிலோ கூடும், மொத்த எடை அப்படியே இருக்கும். கல் லாரிக்காரனுக்கு இந்தச் சுத்தம் வராது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

"ஒரே ஒரு நாள் ஏறு. அப்புறம் நானே பெட்டியில போட்டுக் கட்டிடறேன்" என்றேன்.

ஏறினாள். 34.

"முப்பத்தி நாலுங்க" என்றாள், எனக்குப் படிக்கத் தெரியாது என்பதுபோல.

அன்று அவளே சோபாவைத் தள்ளினாள்.

வாரம் ஒரு கிலோ, பல வாரம் இரண்டு. 36. 39. பலகையின்மேல் நின்றுகொண்டு வேர்க்காதவளிடம் வம்புக்குப் போவாள். "என்னடி, மூச்சை இழுத்துட்டு விடறதுக்கே மறந்துட்ட? கூட்டத்துல ஏறிப்பாரு, இழுக்கறதுக்கு இடமே இருக்காது." 42 வந்த அன்று ஓட்டுநர்கள் இரண்டு பேருக்குப் போன் போட்டு, தன் தடத்தில் இப்போது எவள் நிற்கிறாள், அவள் வளைவில் கம்பியைப் பிடிக்கிறாளா என்று விசாரித்தாள். பிடிக்கிறாளாம். அன்று முழுக்க அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஒன்று கவனித்தேன். அடுக்களையில் மேடையைப் பிடிக்காமல் நிற்கத் தொடங்கியவள், வலதுபக்கம் சாய்ந்து நின்றாள். முன்பும் சாய்வாள்தான், ஆனால் முன்பு அது அவளுக்குத் தெரியும், "கோணலா நிக்கறேன் பாருங்க" என்று நிமிரப் பார்ப்பாள். இப்போது நிமிரப் பார்ப்பதில்லை. சுவரில் காலண்டர் மாட்டினாள். அதுவும் அவளோடு சேர்ந்து சாய்ந்திருந்தது.

"கொஞ்சம் நேரா மாட்டேன்."

"நேராத்தானே இருக்கு. உங்க கண்ணாடியை மாத்துங்க."

தன்னம்பிக்கையிடம் சொன்னேன். "அது சாய்வு இல்ல மாமா, அக்காவோட புது உடல்மொழி" என்றான்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனக்குப் பயம் வந்தது. ஈயம் ஒன்பது கிலோ, திரையில் 48. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடலாம் என்று ஒரு கிலோவைக் குறைத்தேன். 46. அவள் மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் தன் சீருடையை மடித்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தாள். மறுநாள் ஒன்பதையும் போட்டேன். சீருடை மேலே ஏறியது.

இதற்கிடையில் அந்தப் பெட்டி வாரா வாரம் தன்னம்பிக்கையின் கைபேசிக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்; அவன் அதை என்ன செய்கிறான் என்பது தெரியாது. ஒரு கோப்பு தயாரித்திருந்தான். பளபளப்பான அட்டை, மேலே 'எழுச்சி' என்று தங்க எழுத்து, உள்ளே எட்டுப் பக்கம் வண்ண வரைபடம். அதை எங்களைக் கேட்காமலே மருத்துவக் குழுவுக்கு முன்கூட்டி அனுப்பியும் விட்டான். "அவங்க மனசை முதல்லயே தயார் பண்ணணும் மாமா."

பரீட்சை அன்று பணிமனை வளாகத்தில் பழைய ஓட்டுநர்கள் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். காலிப் பேருந்து ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அவள் சீருடையில், இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்படியில் ஏறினாள். உள்ளே ஓர் அதிகாரியும் ஒரு டாக்டரம்மாவும் இருந்தார்கள். நான் வெளியே.

"தூணக்கா, யாரும் இல்லாத வண்டிதானே, தூங்கிக்கிட்டே போவீங்க" என்று ஒருவர் கத்தினார்.

"நீ ஓட்டாம இருந்தா சரி" என்றாள்.

வண்டி கிளம்பியது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கூட நடந்தேன். மூன்று வரிசை நடந்தாள். கம்பி கைக்கெட்டும் தூரத்தில், தொடவில்லை. வண்டி வலப்பக்கம் திரும்பியது. அப்படித் திரும்பினால் உடம்பு இடப்பக்கம் போகும், இடது கால் பிடித்து நிறுத்த வேண்டும். அவள் முகத்தில் பயமே இல்லை. கையைக் கம்பிக்குக் கொண்டுபோகவும் இல்லை. நாற்பத்தெட்டு சதவீதக்காரிக்குக் கம்பி எதற்கு? அப்படியே ஜன்னலிலிருந்து காணாமல் போனாள். டிக்கெட் இயந்திரம் எதிலோ இடித்து ஒரு டிக்கெட்டை அடித்துத் தள்ளியது. அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

எலும்பு எதுவும் முறியவில்லை. உதடு வெட்டியிருந்தது.

அறைக்குள் டாக்டரம்மா அவளைச் சுவரோரம் நிறுத்தினார். "கண்ணை மூடிக்கிட்டு நேரா நில்லுங்கம்மா."

"நேராத்தான் நிக்கறேன்."

டாக்டரம்மா அவள் தோள்களைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார். "இது?"

"இப்ப கீழ விழுற மாதிரி இருக்கு."

டாக்டரம்மா அதிகாரியைப் பார்த்தார். "இவங்க மூளை நடுவைத் தப்பான இடத்துல கத்துக்கிட்டிருக்கு சார். கோணல்தான் நேர்னு பழகியிருக்காங்க. பழக்கினதை மாத்தறது ரொம்பக் கஷ்டம். முதல்ல இருந்ததைவிடக் கஷ்டம்."

அதிகாரி 'எழுச்சி'யைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் தேறிக்கிட்டு வர்ற கேஸ்னா விதிப்படி ஆறு மாசம் நீட்டிக்கலாம். ஆனா இந்த அறிக்கைப்படி தேறுதல் முடிஞ்சு போச்சே. நாற்பத்தெட்டு. என்னோடதே இவ்வளவு இருக்குமான்னு தெரியல. இதுக்கு மேல தேற என்ன இருக்கு? சிகிச்சை முடிஞ்சது, ஆனா வேலைக்குத் தகுதி இல்ல. உட்கார்ந்த பணி."

தன்னம்பிக்கை கோப்பைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்; அதிகாரி கொடுக்கவில்லை.

"அந்தக் கணக்கு பொய் சார்" என்றேன். "நான் ஈயம் வச்சேன். பலகையோட காலி எடையில. உண்மையில முப்பத்திரண்டுதான்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. கையில் பஞ்சு, உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

அதிகாரி என்னை அனுதாபத்தோடு பார்த்தார். நீட்டிப்புக்காகக் கணவன்மார் சொல்லும் கதைகளை அவர் நிறையக் கேட்டிருப்பார் போல. "அப்படியா. அப்ப எழுதிக் கொடுங்க. பேரு, தொழில், உரிம எண். 'எடை பார்க்கற கருவியில நான் தெரிஞ்சே பொய் எடை காட்ட வச்சேன்'னு. கையெழுத்துப் போடுங்க. பரிசீலிக்கறோம்." தாளையும் பேனாவையும் தள்ளினார். "எடைத் துறைக்கும் ஒரு நகல் போகும், அது வழக்கம்."

உரிமம் பெற்ற எடையாளன் அப்படியொரு தாளில் கையெழுத்துப் போட்டால் மறுநாள் அவன் உரிமம் பெறாதவன். பேனாவை எடுத்தேன். பெயரை எழுதினேன். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும்.

"பேனாவைக் கீழ வைங்க" என்றாள் அவள். "ரெண்டு பேரும் உட்கார்ந்துட்டா வீட்டுல யாரு நிக்கறது?"

வைத்தேன். வைத்த வேகம் எனக்கே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அவளுக்குத் தொலைந்த பொருள்களின் அறையைக் கொடுத்தார்கள். பேருந்தில் விட்டுப்போகும் குடைகள், ஒற்றைச் செருப்புகள், மூக்குக் கண்ணாடிகள், ஒருமுறை ஒரு முழுப் பல்செட். எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி, தேடி வருகிறவர்களுக்காக நாற்காலியில் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் வருவதில்லை. ஓட்டுநர்கள் முதல் வாரம் எட்டிப்பார்த்தார்கள். "தூணக்கா" என்று கூப்பிடலாமா என்று தயங்கி, "அக்கா" என்றார்கள்.

வீட்டில் என்னோடு அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஒரு பக்கம் பாரம் இறங்கியிருக்கும். மூன்றாவது நாள் காப்பி குடிக்கும்போது மட்டும் கேட்டாள்: "இருபத்தாறு வருஷமா லாரிக்காரனுங்களைப் பிடிச்சீங்களே, இப்படிப் பண்ணவன் எவனாவது பெண்டாட்டிக்காகப் பண்ணேன்னு சொல்லியிருக்கானா?"

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க."

"விட்டிருக்கீங்களா?"

"இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு சோபாவைத் தள்ளச் சொன்னாள். ஈயம் இல்லாமல் பெட்டியை இயக்கச் சொன்னாள். ஏறி நின்றாள். 29. கண்ணை மூடித் திறந்து, டாக்டரம்மா நிமிர்த்திய மாதிரி நிமிர்ந்து பார்த்தாள், உடம்பு நடுங்கியது, நான் பிடித்துக்கொண்டேன். 33 என்று ஒரு கணம் காட்டி மறுபடி 29க்கு இறங்கியது.

"இன்று உங்களுக்குக் களைப்பாக இருக்கிறது போலிருக்கிறதே" என்றாள் வேர்க்காதவள். "ஓய்வும் ஒரு பயிற்சியே."

பத்து நாள் அப்படி நின்றாள். 29, 29, 28. பதினோராம் நாள் முகம் கழுவப் போனவள் பாதி வழியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அதை வைங்க."

"எதை?"

"தெரியாதமாதிரி கேட்காதீங்க. அதைத்தான்."

"டாக்டரம்மா சொன்னாங்களே, இன்னும் மோசமாகும்."

"உட்கார்ந்திருக்கறவளுக்கு எந்தப் பக்கம் சாய்ஞ்சா என்னங்க? ஒன்பது கிலோ போதுமா?"

கணக்குப் போட்டேன். என்னையறியாமல் போட்டேன், தொழில் அப்படி. "இப்ப இருக்கறதுக்கு ஒன்பது பத்தாது. பன்னிரண்டு வேணும்."

"அப்ப பன்னிரண்டு."

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போய் மீதி மூன்று கிலோவையும் வார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது அவள் முகம் கழுவப் போவதில்லை. பக்கத்திலேயே நின்று பார்க்கிறாள். வலது பையில் பன்னிரண்டு தட்டுகள். வேர்க்காதவள் கண்ணை மூடுகிறாள், திறக்கிறாள். தட்டுகளை ஒவ்வொன்றாக இடது பைக்கு மாற்றுகிறேன். அவள் எண்ணிக்கை சரிபார்க்கிறாள். பிறகு என் தோளைப் பிடித்து ஏறி, வலதுபக்கம் சாய்ந்து, அசையாமல் நிற்கிறாள். சிவப்புப் புள்ளி மஞ்சள் வட்டத்தின் நட்டநடுவில் போய் உட்காருகிறது.

"அற்புதமான சமநிலை" என்கிறாள் வேர்க்காதவள்.

என் மனைவி அவளுக்குப் பதில் சொல்வதில்லை. மணி எட்டரை ஆனதும் இறங்குகிறாள். சோபாவைத் தள்ளி வைத்துவிட்டு, அவளைப் பணிமனை வாசலில் விட்டுவிட்டு, நான் எடைமேடைக்குப் போகிறேன்.